ஆறிப்போன நாலாம் டேங்க்

எங்கள் ஆபீசுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அழுதுகொண்டு வருவார்கள், மீதிப் பேர் வியர்த்துக்கொண்டு வருவார்கள். அன்று காலை வந்தவர் சென்ட் பூசிக்கொண்டு வந்தார். அவர் மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் வாசனை முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி கலையாத சட்டை, பையில் இரண்டு பேனா. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தங்கையைக் காணவில்லை என்றார்.

என் முதலாளியை எல்லோரும் சர்வேயர் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கிடங்குகளையும் நனைந்த சரக்குகளையும் பார்த்து அறிக்கை எழுதியவர். ஓய்வு பெற்றதும் சும்மா இருக்க முடியாமல் துப்பறியத் தொடங்கினார். நான் அவருக்கு டைப்பிஸ்ட், டிரைவர், டீ போடுகிறவள், எல்லாம். என்னை வாயாடி என்று கூப்பிடுவார். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள் வைத்த பெயர். முதல் நாள் எனக்குத் தொண்டை கட்டியிருந்தது.

வந்தவர் சொன்ன கதை இதுதான். தங்கை பாமாயில் சுத்திகரிக்கும் ஆலையில் லேப் பார்க்கிறாள். கல்யாணம் ஆகவில்லை, தனியாக வீடு எடுத்து இருக்கிறாள். மூன்று நாளாக வேலைக்கும் போகவில்லை, போனும் எடுக்கவில்லை. போலீசுக்குப் போனால் பெண் பிள்ளையின் பெயர் கெட்டுவிடும். ஆலையில் விசாரித்தால் தன் பேச்சையே எடுக்க வேண்டாம், தான் அந்தப் பக்கம் கால் வைத்ததே இல்லை என்றார். சாயங்காலம் நாலு மணிக்குள் கண்டுபிடித்தாக வேண்டும் என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

நான் டீ கொண்டுவந்து வைத்தேன். சர்வேயர் அந்தப் பெண்ணின் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர் டம்ளரை எடுப்பதற்கு முன் அதைப் புறங்கையால் ஒரு தரம் தொட்டுப் பார்த்தார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. என் டீக்கு இதுவரை ஜுரம் வந்ததில்லை என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. தங்கையைத் தொலைத்தவரிடம் என்ன ஜோக் என்று அடக்கிக்கொண்டேன். என் ஆயுளில் நான் அடக்கிக்கொண்ட ஒரே ஜோக் அது. அன்றைக்கென்று பார்த்தா எனக்கு இங்கிதம் வர வேண்டும்?

போகும்போது, வீட்டுக்காரரிடம் வாங்கி வந்த தங்கை வீட்டுச் சாவியையும் தன் போன் நம்பரையும் என்னிடம் கொடுத்தார்.

"எங்க இருக்கான்னு தெரிஞ்ச உடனே ஒரு போன் பண்ணும்மா. இடத்தை மட்டும் சொன்னா போதும். மத்ததை நான் பாத்துக்கறேன்."

பாவம், நல்ல அண்ணன் என்று நினைத்தேன்.

அந்தப் பெண்ணின் வீடு ஒரு அறையும் ஒரு சமையலறையும்தான். அவள் அவசரமாகப் போனாலும் தானாகத்தான் போயிருக்கிறாள் என்பது இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. பல் தேய்க்கும் பிரஷ் இல்லை, சீப்பு இல்லை, வாசலில் செருப்பு இல்லை. சர்வேயர் சமையலறை ஆணியில் தொங்கிய ஒரு துணியைத் தொட்டுப் பார்த்தார். நீலக் கட்டம் போட்ட பழைய போர்வை. அதிலிருந்து சதுரம் சதுரமாகக் கிழித்து எடுத்தது போக மீதி.

ஜன்னல் திட்டில் ஏழு கண்ணாடி பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் தேதி எழுதிய காகிதம், கீழே 'டேங்க் 4' என்று. உள்ளே மஞ்சளாக ஏதோ இருந்தது. அருகில் போய்ப் பார்க்கலாம் என்று குனிந்தவள் முழங்கையால் கடைசி பாட்டிலைத் தட்டிவிட்டேன். மூடி சரியாகத் திருகவில்லை போல. பாதி பாட்டில் என் புடவையில் வழிந்தது. புதுப் புடவை, இரண்டாவது தடவைதான் கட்டுகிறேன். நான் வாய்க்கு வந்தபடி புலம்பிக்கொண்டே நிமிர்ந்தால், சர்வேயர் என் புடவையைப் பார்த்துச் சிலையாகி நின்றார்.

"அதைத் துடைக்காதே. தோய்க்கவும் கூடாது."

மற்ற ஆறு பாட்டில்களையும் எடுத்து ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒன்றிலிருந்தும் ஒரு சொட்டு விழவில்லை. உள்ளே இருந்தது மெழுகு மாதிரி இறுகிப்போயிருந்தது.

பாமாயிலைச் சமையலுக்கு ஏற்றதாக ஆக்கும்போது அதிலுள்ள புளிப்பையும் வாடையையும் ஆவியாக இழுத்து எடுப்பார்களாம். அந்த ஆவி குளிர்ந்தால் கிடைக்கும் கொழுப்புதான் டிஸ்டிலேட். ஆலைக்காரர்கள் பாஷையில் வெறும் 'கழிவு'. சூடாக இருக்கும்வரை ஓடும், ஆறினால் கல்லாகிவிடும். அதனால் அந்த டேங்க்குக்குள் எந்நேரமும் நீராவிக் குழாய் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

"ஆறு நாள் கழிவு கட்டியா இருக்கு. ஏழாம் நாள் கழிவு உன் புடவையில ஓடுது," என்றார். "அப்போ அது கழிவு இல்ல. நல்ல எண்ணெய்."

எனக்குப் புரியவில்லை. நல்ல எண்ணெயைக் கழிவு என்று எழுதி எந்த மடையன் விற்பான் என்று கேட்டேன். காரில் ஏறியதும் அவர் பாதி வழி அதையே பேசினார். ஒரு காலத்தில் சோப்புக்காரர்களும் மெழுகுவர்த்திக்காரர்களும் மாட்டுத் தீவனக்காரர்களும்தான் இந்தக் கழிவை வந்து அள்ளிக்கொண்டு போவார்கள், வாங்கிப்போகிறார்களே என்று ஆலைக்காரன் சந்தோஷப்படுவான். இப்போது அதிலிருந்து வண்டிக்கு எரிபொருள் செய்கிறார்கள். உணவுப் பொருளை எரிக்காமல் கழிவை எரிக்கிறான் என்றால் சில நாடுகளில் அரசாங்கமே சலுகை கொடுக்கிறது. வருஷத்துக்கு வருஷம் கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். ஆலையில் வருகிற கழிவோ கொஞ்சம். அதனால் 'கழிவு' என்று முத்திரை விழுந்த சரக்குக்கு, நல்ல எண்ணெயைவிட விலை ஏறிப்போய்விட்டது.

"பால்ல தண்ணி கலக்கறவனைப் பாத்திருக்கேன் சார். தண்ணியில பால் கலக்கறவனை இப்பத்தான் கேள்விப்படறேன்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அந்த முத்திரைக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டியது லேப் பார்க்கிறவர்தான் என்று மட்டும் சொன்னார். அதன்பிறகு எனக்கும் சிரிப்பு வரவில்லை.

ஆலை வாசலில் ஆறு டேங்கர் லாரிகள் காலியாக நின்றன. சர்வேயர் தன் பழைய இன்ஷூரன்ஸ் அட்டையைக் காட்டினார். மேனேஜர் காலையிலேயே வெளியே போய்விட்டார் என்று தலையைச் சொறிந்த வாட்ச்மேன், இன்ஷூரன்ஸ் என்ற சொல்லுக்குப் பயந்து கதவைத் திறந்தார். திறப்பதற்கு முன் வெயிலில் காய்ந்த இரும்புத் தாழ்ப்பாளைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன செய்தேன்? புடவையில் எண்ணெய்க் கறை போகுமா என்று கவலைப்பட்டுக்கொண்டு நடந்தேன்.

லாரிகள் எதற்கு என்று சர்வேயர் கேட்டதற்கு, நாலு மணிக்கு நாலாம் டேங்க் காலியாகிறது என்று பதில் வந்தது. லேப் அம்மாவைப் பற்றிக் கேட்டோம். வாட்ச்மேன் அக்கம் பக்கம் பார்த்துக்கொண்டு, லீவு என்றார். அந்த அம்மாவுக்கு முன்னால் லேப் பார்த்த மனிதர் என்ன ஆனார் என்று சர்வேயர் சும்மாதான் கேட்டார்.

"நாலாம் டேங்க் ஏணியிலேர்ந்து தவறி விழுந்துட்டாரு சார். இருபது வருஷமா ஏறி இறங்கின ஏணி."

அந்த இருபது வருஷத்தை அவர் அழுத்திச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. டேங்க் பக்கம் பார்த்தேன். வெயிலில் வெள்ளையாக நின்றது, பக்கத்தில் ஒடுக்கமான ஏணி. அந்தப் பெண்தான் அடுத்த ஆள் என்று தோன்றியது.

டேங்க்குகளுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு மண் குவியல், ஆள் உயரத்துக்கு மேல். எண்ணெயை வெளுக்க வைக்கப் பயன்படுத்திய களிமண் என்றார் சர்வேயர். அதில் எண்ணெய் ஊறியிருப்பதால் காற்றுப் பட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். செங்கல் சூளைக்காரர்கள் வந்து அள்ளிப் போகும்வரை விடாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும். தான் பார்த்த தீ விபத்துகளில் நாலு இந்த மண்ணால் வந்தது என்று பெருமையாகச் சொல்லிவிட்டு நடந்தார். தண்ணீர்க் குழாய் சுருட்டிக் கிடந்தது, அதன்மேல் ஒரு பூனை சுகமாகப் படுத்திருந்தது. கருகிய எண்ணெய் வாடை மூக்கில் ஏறியது. நான் முந்தானையால் மூக்கை மூடினேன். முந்தானையிலும் எண்ணெய்.

சர்வேயர் நாலாம் டேங்க்குக்குப் போகும் நீராவிக் குழாயருகே நின்றார். குழாயின் தகர உறைமேல் வட்ட வட்டமாகப் பளபளவென்று தடங்கள், இருபதுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு சாப்பாட்டு டப்பா அளவு. ஆனால் டப்பா ஒன்றுகூட அங்கே இல்லை. இரண்டாம் டேங்க் பக்கத்துக் குழாயில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

ஆலை ஆட்கள் வருஷக்கணக்காக நாலாம் டேங்க் குழாயில்தான் மதியச் சாப்பாட்டைச் சூடுபண்ணியிருக்கிறார்கள். இப்போது இடம் மாற்றிவிட்டார்கள். சர்வேயர் குழாயைத் தொட்டார், பிறகு டேங்க்கைத் தொட்டார். இரண்டும் ஆறிக்கிடந்தன.

"கழிவா இருந்தா இந்நேரம் உள்ள பாறையாயிருக்கும். பாறையை லாரியில ஏத்த முடியாது. உள்ள இருக்கறது சூடே தேவைப்படாத எண்ணெய். ஆவியை நிறுத்தச் சொன்னவனுக்கு டேங்க் ஞாபகம் இருந்துச்சு, டப்பா ஞாபகம் இல்ல."

அப்போதுதான் என் கண்ணில் பட்டது. இரண்டாம் டேங்க் வரிசையில் இரண்டு டப்பாக்கள் நீலக் கட்டம் போட்ட துணியில் கட்டியிருந்தன. ஒரே முடிச்சு. பாய்லர் ஓட்டுகிறவர், முப்பது முப்பத்தைந்து வயது ஆள், வெளியே வந்து ஒன்றை எடுத்தார். புறங்கையால் தொட்டுப் பார்த்து, சூடு போதும் என்று தலையாட்டி, பீப்பாய் ஏற்ற வந்திருந்த ஒரு சின்ன வேனின் டிரைவரிடம் கொடுத்தார். வேன் கதவில் ஒரு சோப்புப் பட்டறையின் விலாசம் எழுதியிருந்தது. டிரைவர் டப்பாவைத் தன் பக்கத்து சீட்டில் பத்திரமாக வைத்துக்கொண்டு கிளம்பினார்.

"நம்ம பொண்ணு சாப்பிடப் போறா," என்றார் சர்வேயர். பாய்லர்காரரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனார்.

நான் சமர்த்தாக போனை எடுத்தேன். அண்ணனுக்கு இடத்தைச் சொன்னேன். பட்டறையின் பெயர், தெரு, எல்லாம். அவர் நிதானமாக எழுதிக்கொண்டார். டவுனிலிருந்து அது இருபது நிமிஷம்தான், ரொம்ப நன்றிம்மா என்றார். ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைத்துவிட்ட திருப்தியில் நான் அந்தப் பூனையோடு கொஞ்சம் பேசினேன்.

சர்வேயர் திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. பாய்லர்காரரும் கூடவே வந்தார்.

"இவர் அந்தப் பொண்ணோட புருஷன். ஒரே ஆலையில புருஷன் பெண்டாட்டி வேலை பார்க்கக் கூடாதுன்னு இங்க ஒரு விதி. அதனால வெளிய சொல்லாம இருந்திருக்காங்க. நாலாம் டேங்க் பேப்பர்ல கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்ன அன்னிக்கு ஏணியில ஏறச் சொல்லியிருக்கான் மேனேஜர். அன்னிக்கே இவர் அவளைப் பட்டறையில கொண்டுபோய் விட்டுட்டார்." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார். "வாயாடி, அவளுக்கு அண்ணனே கிடையாது. ஒரே பொண்ணு."

நான் கையிலிருந்த போனைப் பார்த்தேன். பாய்லர்காரர் வெயிலில் கிடந்த ஒரு இரும்புப் பெஞ்சை எனக்காக இழுத்தார். இழுக்கும் முன் புறங்கையால் தொட்டார். அந்த ஒரு தொடுதலில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நீங்க ஏன் எல்லாரும் அப்படித் தொடறீங்க?" என்று கேட்டேன்.

உள்ளங்கை பொசுங்கினால் ஒரு மாசம் எதையும் பிடிக்க முடியாது, அதனால் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைத்தான் பழக்குவார்கள் என்றார். ஆலையில் பழகினவன் வீட்டில் கதவைக்கூட அப்படித்தான் தொடுவானாம். நான் காலையில் வந்தவரின் டீ டம்ளரைப் பற்றிச் சொன்னேன். எண்ணெய் வாடையை மறைக்கப் பூசியிருந்த சென்ட்டைப் பற்றிச் சொன்னேன். கடைசியில் அந்த போன் நம்பரைக் காட்டினேன்.

"மேனேஜர் நம்பர்," என்றார் அவர்.

"இப்பதான் அவர்கிட்ட இடத்தைச் சொன்னேன்," என்றேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தைவிட்டு அழுதேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தன் போனை அணைத்து வைத்திருந்ததால் பட்டறைக்கு போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் அறையைப் பூட்டிவிடுவார்கள் என்றார்.

எங்கள் காரில் பட்டறைக்கு நாற்பது நிமிஷம். அவனுக்கு இருபது. கணக்குப் போட எனக்குத் தைரியம் வரவில்லை. சர்வேயர் மட்டும் மண் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவனுக்கு அவளைவிட முக்கியமானது நாலாம் டேங்க்," என்றார். "கால் மணி நேரம் கழிச்சு அவனுக்கு போன் பண்ணுங்க. இப்பவே பண்ணினா, நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள வந்து பார்த்துட்டு மறுபடி அங்க போயிடுவான். மண்ணு புகையுது, தீ டேங்க் பக்கம் வருதுன்னு சொல்லுங்க. அவன் எங்க நின்னாலும் திரும்பி ஓடி வருவான். வந்து பார்த்து, பொய்னு தெரிஞ்சா..."

"என்கிட்டதான் வருவார்," என்று முடித்தார் பாய்லர்காரர். "பரவால்ல சார். நீங்க கிளம்புங்க. நான் சொல்லிடறேன்."

அவர் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அதுதான் என்னை வழியெல்லாம் உறுத்தியது.

நான் அதுவரை அப்படிக் கார் ஓட்டியதில்லை. சர்வேயர் கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்திருந்தார். பாதி வழி தாண்டியதும் எதிரே ஒரு வெள்ளைக் கார் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. எங்களைக் கடக்கும்போது வேகம் குறைந்தது. ஸ்டீயரிங்கில் காலையில் வந்த அண்ணன். கூட யாரும் இல்லை. என்னைப் பார்த்து, தெரிந்தவர்களுக்குச் செய்வது போல மரியாதையாகக் கையை உயர்த்தினார். பிறகு ஆலைப் பக்கம் பறந்தார். தனியாகப் போகிறார் என்பதற்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

பட்டறை வாசலில் சோப்பு அக்கா, அதாவது அதை நடத்துகிற பெண்மணி, இடுப்பில் கை வைத்து நின்றார். ஒரு ஆள் வந்து தங்கச்சியைக் கூப்பிடச் சொன்னதாகவும், உள்ளே கால் வைக்கும் சமயம் அவனுக்கு ஒரு போன் வந்ததாகவும், காதில் வைத்த மாத்திரத்தில் முகம் மாறித் திரும்பி ஓடினதாகவும் சொன்னார். உள்ளே நாற்பது பெண்கள், எல்லோருக்கும் ஒரே மாதிரி தொப்பி, மூக்குத் துணி. அச்சிலிருந்து மஞ்சள் கட்டிகளைத் தட்டிக்கொண்டிருந்த ஒருத்தி எங்களைக் கண்டதும் துணியை இறக்கினாள். போட்டோவில் பார்த்த முகம். அவள் கையில் நீலக் கட்டத் துணி சுற்றிய ஒரு பாட்டில் இருந்தது. ஜன்னல் திட்டில் பார்த்த ஏழோடு இது எட்டாவது.

எனக்கு உயிர் வந்தது. அவளுக்குத்தான் போனது. மேனேஜருக்கு போன் பண்ணித் திருப்பி ஓட வைத்தது யார் என்று கேட்டாள். சர்வேயர் சொன்னார். அவள் வாசலுக்குப் போய் ஆலை இருக்கும் திசையைப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். தூரத்தில், கட்டடங்களுக்கு மேலே, கரும்புகை ஏறிக்கொண்டிருந்தது.

சர்வேயரின் போன் அடித்தது. எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"சார், பொய் சொல்லச் சொன்னீங்க. எனக்கு மேனேஜர்கிட்ட பொய் வராது. நிஜமாவே புகையுது." பாய்லர்காரரின் குரலுக்குப் பின்னால் தீயணைப்பு வண்டியின் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. "லாரி வர்றது தெரிஞ்சதும், டேங்க்கைக் காலி பண்ண விடக் கூடாதுன்னு காலையிலயே மண்ணுக்குத் தண்ணியை நிறுத்திட்டேன். தீயணைப்புக்குச் சொன்னப்புறம்தான் மேனேஜருக்கே போன் போட்டேன். லாரியெல்லாம் வெளிய தள்ளிட்டாங்க. தீயணைப்பு ஆபீசர் நாலாம் டேங்க்கைப் புறங்கையால தொட்டுப் பாத்தாரு. எப்பவும் சூடா வைக்கணும்னு போர்டு தொங்குதே, ஏன் ஆறிக்கிடக்குன்னு கேக்கறாரு. பதில் தெரியற வரைக்கும் ஒரு சொட்டு வெளிய போகக் கூடாதாம்."

முப்பது வருஷம் தீயைப் பார்த்தவர் காய்ந்துகிடந்த தண்ணீர்க் குழாயைப் பார்க்கவில்லை. பூனையோடு பேசிய நானும் பார்க்கவில்லை. சர்வேயர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"மேனேஜர் என்ன பதில் சொன்னார்?"



"முதல்ல தண்ணிக் குழாயைப் பாத்தாரு சார். இப்ப என்னையே பாத்துட்டு நிக்கறாரு."

அவள் சர்வேயர் கையிலிருந்து போனை வாங்கினாள். மூன்று நாள் ஒளிந்திருந்தவளின் குரலாக அது இல்லை.

"ஆபீசர் பக்கத்துலயே நில்லுங்க. யார் கூப்பிட்டாலும் ஏணிப் பக்கம் போகாதீங்க. நான் பாட்டிலோட வந்துட்டு இருக்கேன்."

தொப்பியைக் கழற்றி சோப்பு அக்காவிடம் கொடுத்துவிட்டு, அவளே போய் எங்கள் காரின் கதவைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துத் திறந்தாள். நான் வண்டியைத் திருப்பினேன். ஆலை வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.